வேறு குளிசை ஒன்றும் இல்லை

கொழும்பில் ஒரு பெண் அவசரத்துக்கு ஒதுங்கக்கூடிய இடங்கள் எவை என்று தெரியவேண்டுமானால் என்னைக் கேட்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை எனக்கு மனப்பாடம். எந்தப் புடைவைக் கடையில் கேட்டால் மேல்மாடிக்கு அனுப்புவார்கள், எந்தப் பேக்கரியில் "பழுதாப் போச்சு மிஸ்" என்று முகத்தைப் பார்க்காமலே பொய் சொல்வார்கள், எந்தக் கோயிலின் பின்வாசல் கிழமை நாட்களிலும் திறந்திருக்கும், எல்லாம் தெரியும். பார்க்கின்சன் வருத்தம் வந்தபோது என் கை நடுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள், இரக்கப்பட்டார்கள். மூத்திரத்தை அடக்க முடியாமல் போனதை யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. கை நடுக்கத்துக்குச் சனங்களிடம் ஒரு மரியாதை உண்டு. மற்றதற்குக் கிடையாது.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். எந்த நீதிமன்றம் என்று சொல்லப்போவதில்லை. விசாரணை சிங்களத்தில் நடக்கும். சிங்களம் தெரியாத சாட்சி வந்தால் நான் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். கொழும்புத் தமிழருக்கு அநேகமாகச் சிங்களம் ஓடும். என்னிடம் வருகிறவர்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, வன்னியிலிருந்து, மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் தமிழில் சொல்வதை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சிங்களத்தில் சொல்லவேண்டும். அதைத்தான் பதிவு செய்வார்கள். அதை வைத்துத்தான் ஒருவன் வீட்டுக்குப் போவதும் சிறைக்குப் போவதும். நான் குறிப்பெடுக்கிற வழக்கம் இல்லை. என்னோடு வேலை செய்தவர்களிலும் அநேகர் எடுப்பதில்லை. சாட்சி வாக்கியத்தை முடிக்கும்வரை அதைத் தலையில் வைத்திருப்போம், முடிந்ததும் மற்ற மொழியில் இறக்கிவிடுவோம். இத்தனை வருடம் அந்தத் தலை என்னைக் கைவிட்டதில்லை.

ஆனால் சாட்சி நடக்கும்போது எழும்பிப் போக முடியாது. ஒரு நாள் எழும்பிப் போனேன். நீதவான், பிரதிவாதி, பொலிஸ், வக்கீல்மார், முழு மன்றமும் நான் திரும்பி வரும்வரை காத்திருந்தது. ஏன் போனேன் என்று எல்லாருக்கும் விளங்கியிருந்தது. வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது.

இங்கே என் வீட்டு நிலவரத்தைச் சொல்லவேண்டும். கணவர் இறந்தபின் மகள் என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு. மகள் வேலையால் வர இரவாகும். ஆகவே நரம்பு டொக்டரைச் சனல் பண்ணி, நேரம் எடுத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போவது மருமகன். பாங்கில் வேலை, அமைதியான பிள்ளை. டொக்டரின் அறைக்குள்ளும் கூடவே வருவார், ஃபைலை அவரே நீட்டுவார். மருமகனுக்கு முன்னால் மூத்திரக் கதை கதைக்கிற மாமியார் எங்கள் ஆட்களில் இன்னும் பிறக்கவில்லை. டொக்டர் "வேற என்ன கஷ்டம்?" என்று கேட்கும்போதெல்லாம் கழுத்து விறைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு வருவேன்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கைதான் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய வீட்டுக்குக் கிட்ட இன்னொரு டொக்டர், சலப்பை, அதாவது மூத்திரப்பை வருத்தங்களைப் பார்க்கிறவர். தங்கையோடு போனேன். பார்க்கின்சன் இருக்கிறது என்று சொன்னேன். தலையாட்டினார். வெளியே ஒரு கூட்டம் காத்திருந்தது. குளிசை எழுதித் தந்தார். அது போதாதென்று தங்கை லண்டனிலிருக்கும் எங்கள் தம்பிக்கும் சொல்லிவிட்டாள். தம்பியின் மனைவிக்கும் இதே தொல்லையாம். அங்கிருந்து கலியாணம் ஒன்றுக்கு வந்த ஒருவரிடம் சொக்லட், சவர்க்காரம், கோடாலித் தைலத்தோடு ஒரு பெட்டி குளிசையும் வந்து சேர்ந்தது. இங்கே எழுதியது ஒரு பெயர், லண்டன் பெட்டியில் வேறு பெயர். வேறு பெயர் என்றால் வேறு மருந்து என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"உள்ளூர்க் குளிசையைக் காலமை குடியுங்கோ அக்கா, லண்டன் குளிசையைப் பின்னேரம் குடியுங்கோ. ரெண்டும் சேர்ந்தால் நல்லாப் பிடிக்கும்" என்றாள் தங்கை. லண்டன் மருந்து என்றால் எங்கள் குடும்பத்தில் எதிர்க்கேள்வி கிடையாது. என் அலுமாரியை மகள் அடுக்குவாள் என்பதால் பெட்டிகள் தங்கையிடமே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தக் கிழமைக்கு வேண்டியதை டிஷூவில் சுற்றி என் கைப்பையில் வைத்துவிடுவாள்.

குளிசை வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. ஜூனில் அந்தோனியார் திருவிழாவுக்குப் போய், சுரூபம் சுற்றி வந்து முடியும்வரை அந்தச் சனத்துக்குள் நின்றேன். மன்றத்தில் மத்தியான இடைவேளை வரை அசையாமல் நின்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று தேடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தது.

வாய் மட்டும் காய்ந்தது. நற்கருணை வாங்கினால் அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு இறங்காது. என் இடத்துக்குத் திரும்பி வந்து முழந்தாளிட்டபடி நாக்கால் தள்ளித் தள்ளி விழுங்குவேன். "வெயில் அக்கா, தண்ணி குடியுங்கோ" என்றாள் தங்கை. தண்ணீர் குடித்தால் மறுபடி மூத்திரம் வரும். நான் குடிக்கவில்லை.

பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. ஒரு காலை பஸ்ஸில் கொண்டக்டர் எங்கே இறங்குகிறேன் என்று கேட்க, வருடக்கணக்காக இறங்குகிற இடத்தின் பெயர் வாயில் வரவில்லை. அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டே இருந்து, தெரிந்த மதிலைக் கண்டதும் இறங்கினேன். இன்னொரு நாள் தேத்தண்ணி வைக்கவென்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கேத்தலைக் கொண்டுபோய் உடுப்பு அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். வெறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மகள்தான் கண்டாள். "அம்மாக்கு வேலை கூடிப்போச்சு" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனால் மன்றத்தில் எனக்குத் தடங்கலே இல்லை.  அந்த மாதங்களில் வார்த்தைகள் தானாக வந்தன. சாட்சி முடிப்பதற்கு முன்பே சிங்கள வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. வருத்தம் வந்தபிறகும் இவ்வளவு திறமாகச் செய்கிறேனே என்று எனக்குள் கொஞ்சம் தலைக்கனம்கூட.

நவம்பரில் ஒரு வழக்கு. தோட்டத்துப் பையன் ஒருவன், கிராண்ட்பாஸில் இரும்புக் கடையில் வேலை செய்தவன். முந்தின வருடம் தீபாவளிக்கு மறுநாள் இரவு கடையை உடைத்து, காவல்காரரை அடித்ததாகக் குற்றச்சாட்டு. பிணை கிடைக்காமல் மறியலில் இருந்தான். அவனுடைய வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. அவனுடைய தாய் சாட்சி சொல்ல வந்திருந்தாள். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தீவாளிக்கு வந்தானுங்க எம்மவன். மறுநாளு ராத்திரியும் வீட்டுலதாங்க கெடந்தான், காச்சலு. நாந்தான் கசாயம் வச்சுக் குடுத்தேன். அதுக்கு அடுத்த நாளு விடிய நாந்தாங்க பஸ்ஸு ஏத்திவிட்டேன்."

நான் நீதவானைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னேன்: "தீபாவளிக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தான். எப்போது திரும்பிப் போனான் என்று எனக்கு நினைவில்லை."

பின்வரிசையில் இருந்த ஒரு வக்கீல் எழும்பினார். இளம் பிள்ளை, தமிழ் பேசுகிற முஸ்லிம். இந்த வழக்கில் அவருக்கு வேலையே இல்லை, தன்னுடைய வழக்கு வரும்வரை காத்திருந்தவர். சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பொடியன் பிறக்க முதலே நான் இந்த வேலை செய்கிறேன் என்று நினைத்தேன். நீதவான் தாயை மறுபடி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவளுடைய வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வார்த்தை வந்து சேர்ந்தபோது முதல் வார்த்தை என்னிடம் இல்லை. கசாயம் என்று ஏதோ ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. நினைவில்லை, தெரியாது, கவனிக்கவில்லை என்று சாட்சிகள் நாள்தோறும் சொல்வதை ஆயிரம் தடவை மொழிபெயர்த்த வாய், இல்லாத இடத்தை அதைக் கொண்டே நிரப்பியிருக்கிறது.

அந்த வக்கீலே மொழிபெயர்த்தார். பதிவு திருத்தப்பட்டது. நான் கதிரையில் போய் உட்கார்ந்தேன். கூண்டிலிருந்து இறங்கிய தாய் என் பக்கத்தில் நின்று, "ஏம்மா, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு என்ன நடந்தது என்று ஒன்றும் விளங்கவில்லை. 

வைத்தியச் சான்றிதழ் கொண்டுவரும்வரை லீவில் நிற்கச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் நல்ல வெளிச்சமான மத்தியானங்களில் அந்த மனுஷி வரத் தொடங்கினாள். ஈரச் சேலை கட்டியவள். ஹோலில் என் கதிரையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் "கவுத?" என்று சிங்களத்தில் கேட்டேன். பிறகு "ஆர் நீங்கள்?" என்று தமிழில் கேட்டேன். தொழில் பழக்கம் போகாது.  சேலையிலிருந்து நிலத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வந்து குனிந்தேன். நிலம் காய்ந்திருந்தது. நிமிர்ந்தேன், அவள் அங்கேயே இருந்தாள்.

மருமகன் லீவு போட்டுவிட்டு என்னை நரம்பு டொக்டரிடம் கொண்டுபோனார். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார், ஆனால் என்னிடம் இல்லை, மருமகனிடம்.

"வேற குளிசை ஏதும் குடிக்கிறாவா?"

"இல்லை டொக்டர். நான்தான் எடுத்துக் குடுக்கிறன். இந்த ஃபைல்ல இருக்கிறது மட்டும்தான். வேற குளிசை ஒண்டும் இல்லை."

நான் வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு மருமகன் பக்கத்தில் இருக்கிறாரே என்ற வெட்கம். அதற்குள் டொக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சிலருக்கு இந்த வருத்தம் போகப் போக மூளையையும் பிடிக்கும் என்றார். இல்லாத ஆட்கள் தெரிவது நடுக்கத்துக்குக் குடிக்கிற குளிசையாலும் வரலாம், அதைக் குறைத்துப் பார்ப்போம் என்றார்.

குறைத்தார். அதற்குப் பிறகு கதிரையிலிருந்து எழும்ப ஒருவர் கை தரவேண்டியதாயிற்று. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. ஈரச் சேலைக்காரி மட்டும் குறையவில்லை. அவள் சௌகரியமாக வந்து போனாள். நான்தான் அசைய முடியாமல் அவளுக்கு முன்னால் இருந்தேன்.

மகள் வேலைக்குப் போகும்போது காஸ் சிலிண்டரின் தலையைக் கழற்றித் தன்னுடைய அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். வாசல் பூட்டின் திறப்பும் என்னிடமிருந்து போயிற்று. நான் என்ன சொன்னாலும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றாள். அந்த ஓம் என்ன மாதிரியான ஓம் என்று எனக்குத் தெரியும். மன்றத்தில் பைத்தியக்காரச் சாட்சி பேசும்போது எல்லாரும் தலையாட்டுவது இதே மாதிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்து அறையில் கதைத்தார்கள்.

"கல்கிசையில சிஸ்டர்மாற்ற முதியோர் இல்லம் ஒண்டு இருக்காம். கேட்டுப் பார்ப்பமா?" இது மகள்.

"மெதுவாக் கதையும். மாமிக்குக் கேக்கும்."

"கேட்டாலும் அவவுக்கு விளங்காதப்பா" என்று சொல்லி மகள் அழுதாள்.

எனக்கு விளங்கியது. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. எழும்பிப் போய், எனக்கு விளங்குது பிள்ளை என்று சொல்ல நினைத்தேன். கால் நகரவில்லை. நகர்ந்திருந்தாலும், கதவடிக்குப் போகும்போது சொல்ல வந்தது தலையில் இருந்திருக்குமோ தெரியாது.

இவ்வளவுக்கும் அந்த டிஷூச் சுருள்கள் நிற்கவில்லை. நான் கோயிலுக்குப் போக முடியாததால் தங்கை வீட்டுக்கே வந்து தந்துவிட்டுப் போனாள். பாவம், என் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். டிசம்பர் தொடக்கத்தில் அவள் கோயில் ஆட்களோடு வேளாங்கண்ணிக்குப் போனாள், எனக்காக நேர்த்தி வைத்து. போன இடத்தில் காய்ச்சல் வந்து, திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. தந்துவிட்டுப் போன குளிசைகள் முடிந்தன. வேறு யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

முதலில் திரும்பியது மூத்திரம்தான். பழைய துணிகளை மடித்து வைத்துச் சமாளித்தேன். பிறகு வாயில் எச்சில் ஊறியது. சோறு சோறாகத் தெரிந்தது. ஒரு நாள் ஈரச் சேலைக்காரி வரவில்லை. நான் அவளை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தக் கிழமை டொக்டரிடம் மறுபடி போகவேண்டியிருந்தது. பம்பலப்பிட்டிச் சந்தியில் மழை, வாகனம் ஒரு அடி நகரவில்லை. மருமகனின் காரில், அவருக்குப் பக்கத்துச் சீட்டில், எனக்குப் போய்விட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. சேலை நனைந்து சீட்டும் நனைந்தது. மணம் வந்தது. அவர் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார், மழைத் தூறல் அவருடைய ஷர்ட்டில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்தியதும் பின்னாலிருந்து ஒரு துவாயை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"மாமி, இதைச் சுத்திக்கொள்ளுங்கோ. இதுக்கு ஏன் அழுறீங்கள்?"

இனி அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? டொக்டரின் அறைக்குள் போனதும், அவர் மருமகன் பக்கம் திரும்புவதற்கு முன்னால் நானே சொன்னேன். மூத்திரம் போவது, தங்கை, மற்ற டொக்டர், லண்டன் பெட்டி, எல்லாம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மருமகன் திருச்சிக்கு வட்ஸ்அப்பில் அழைத்துத் தங்கையிடம் இரண்டு பெயரையும் கேட்டார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் ஒரே வேலை செய்யிற மருந்து அம்மா. சலப்பையை அமர்த்துறதுக்குத்தான் குடிக்கிறது, ஆனால் அது தலைக்கும் போகும். ஞாபகத்துக்கு வேண்டிய ஒரு சத்தை மறிக்கும். பார்க்கின்சன்காரருக்கு அந்தச் சத்து ஏற்கனவே குறைவு. நீங்கள் ரெட்டிப்பாக் குடிச்சிருக்கிறீங்கள். எப்ப தொடக்கம்?"

"ஜூன்."

"இது எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார். அவர் மருமகன் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நடுக்கத்துக்கான குளிசையைப் பழைய அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டினார்கள். சலப்பைக்குத் தலையை அவ்வளவாகத் தொடாத வேறு வகை ஒன்று இருக்கிறதாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். அதுவரைக்கும் பெரியவர்களுக்கான பாட் கட்டிக்கொள்கிறேன். மருமகன்தான் வாங்கிவருகிறார், எந்த அளவு என்று என்னிடமே கேட்டுவிட்டு. நத்தார்ப் பண்டிகைக்குள் நானே எழும்பி நடந்தேன். மகள் வாசல் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, கட்டிப்பிடித்து அழுதாள். வேலைக்குத் திரும்பலாம் என்று டொக்டர் சான்றிதழ் எழுதினார். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கேக் வெட்டினார்கள்.

கேக்கை வாயில் வைக்கும்போதுதான் அது எனக்குள் விழுந்தது. பிடிபட்டது நவம்பரில். குடிக்கத் தொடங்கியது ஜூனில்.

அந்த வக்கீல் தற்செயலாகப் பின்வரிசையில் இருந்தது ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் அந்த மன்றத்தில் இரண்டு மொழியும் சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதற்காகத்தானே என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். வார்த்தைகள் தானாக வந்த மாதங்கள் அவை. முகங்கள் ஞாபகம் வருகின்றன. மட்டக்களப்புக் கிழவர் ஒருவர். வீட்டு வேலைக்கு வந்த இடத்தில் அடி வாங்கிய ஒரு பெட்டை. ஒருவன் தண்டனை கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவர்கள் சொன்ன வாக்கியங்களைத் தேடுகிறேன். ஒன்றும் இல்லை. நான் சொன்னது பதிவில் இருக்கிறது. அவர்கள் சொன்னது எங்கேயும் இல்லை.

ஜனவரியில் பதிவாளரிடம் போனேன். சான்றிதழைக் கொடுத்துவிட்டு, ஜூன் தொடக்கம் நான் நின்ற வழக்குகளைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். என்ன மருந்து, அது என்ன செய்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் நல்ல மனிதர். எனக்குத் தேத்தண்ணி வரவழைத்தார்.

"கமக் நே, மிஸ்" என்றார், பரவாயில்லை என்று கையை அசைத்தபடி. சுகமாகி வந்துவிட்டீர்கள், அது போதும். ஆள் இல்லாமல் வழக்குகள் தள்ளிப்போகின்றன, திங்கட்கிழமையே வாருங்கள். நடந்த அந்த ஒரு பிழையும் அன்றைக்கே திருத்தியாயிற்று. மற்றபடி ஜூனிலிருந்து இன்றுவரைக்கும் உங்களைப் பற்றி ஒரு சாட்சிகூட முறைப்பாடு செய்யவில்லையே என்றார்.

எப்படிச் செய்வார்கள்? அவர்களுடைய பெயரில் நான் சிங்களத்தில் என்ன சொன்னேன் என்று அவர்களுக்கு யார் சொல்வது?